சிலிண்டருக்கு ஹோனிங் எப்போது தேவை? எப்போது வீண்?

சத்தியமங்கலம் வட்டாரத்தில் மல்லிகைத் தோட்டங்களுக்கு நவம்பர் மாதக் கடைசியில் கவாத்து செய்யப்படுகிறது. பனி விலகி, மார்ச் மாதத்தில் பூ வரத்து ஏறத் தொடங்கும்போது செடிக்குத் தண்ணீர் தவறக் கூடாது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் நிறுத்திய பின் கிணற்று நீரையே நம்பியிருக்க வேண்டும். பெரும்பாலான கிணறுகளில் இன்று மின் மோட்டார் ஓடினாலும், மின் இணைப்புக் கிடைக்காத இடங்களிலும், மும்முனை மின்சாரம் இல்லாத நேரங்களிலும் ஆயில் இன்ஜினே கைகொடுக்கிறது. பவர் டில்லரிலும் பொதுவாக இதே போன்ற ஒற்றைச் சிலிண்டர் டீசல் இன்ஜின்தான் இருக்கிறது.

இந்த இன்ஜின் நீலப் புகை கக்கத் தொடங்கியதும் விவசாயி பட்டறைக்குப் போகிறார். அங்கே ஒருவர், "ரிங்கை மட்டும் மாத்துனாப் போதுங்க" என்கிறார். இன்னொருவர், "ஹோன் போட்டுத்தாங்க ரிங் போடோணும்" என்கிறார். மூன்றாமவர், "லைனரே போயிடுச்சுங்க" என்கிறார். மூன்று வேலைக்கும் செலவு வேறு வேறு. மூவரும் ஏதாவது ஒரு இன்ஜினுக்குச் சரியான யோசனையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் நம் இன்ஜினுக்கு எது சரி என்பதை அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அளக்காமல் செய்த முடிவினால் செலவு இரட்டிப்பாவதுடன், கோடை நடுவில் இன்ஜின் மீண்டும் நின்றுபோகவும் கூடும்.

சிலிண்டர் சுவரில் கோடுகள் ஏன்?

புதிய லைனர் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், உட்சுவரில் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்வதைக் காணலாம். இவை தற்செயலாக ஏற்பட்ட கீறல்கள் அல்ல. தொழிற்சாலையில் சாணைக் கற்கள் பொருத்திய கருவியைச் சுழற்றிக் கொண்டே மேலும் கீழும் நகர்த்தி, வேண்டுமென்றே போட்ட கோடுகள். இந்த வேலைக்குத்தான் ஹோனிங் என்று பெயர்.

கோடை மழைக்கு முன் நிலத்தை உழுது, குறுக்கு உழவும் போட்டு வைத்தால் பெய்த மழை சாலில் தங்கும். உழாத கட்டாந்தரையில் அதே மழை வழிந்தோடி விடும். சிலிண்டர் சுவரிலும் இதே கதைதான். குறுக்குக் கோடுகளில் மசகு எண்ணெய் மெல்லிய படலமாகத் தங்கி, பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் இடையே உராய்வைக் குறைக்கிறது. அத்துடன் கோடுகளின் கூரான முகடுகள் புது ரிங்கின் விளிம்பைச் சற்றே தேய்த்து, ரிங்கும் சுவரும் இடைவெளியின்றிப் பொருந்தி அமர உதவுகின்றன. இதை 'ரிங் சீட்டாவது' என்று மெக்கானிக்குகள் கூறுவர்.

இந்தச் சுவர் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்கினால் அறியலாம். 5 குதிரைத் திறன் இன்ஜின்களில் பரவலாகக் காணப்படும் அளவு 80 மி.மீ. துளையும் 110 மி.மீ. ஓட்டமும் ஆகும். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும்போது, ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒரு முறை மேலேறிக் கீழிறங்குகிறது. இப்படி ஒரு மணி நேரத்தில் ரிங் சுவரின் மேல் ஏறக்குறைய 20 கிலோ மீட்டர் உராய்ந்து செல்கிறது. 1000 மணி நேர ஓட்டத்தில் இது 20,000 கிலோ மீட்டர். பூமியைப் பாதி சுற்றி வரும் தூரம் இது.

சுவர் கெடுவது இரண்டு விதம்

முதலாவது பளபளப்பு. பெரிய இன்ஜினைச் சிறிய பம்புக்கு மாட்டி, பாரம் குறைவாகவே வருடக்கணக்கில் ஓட்டினால் ரிங்குகளுக்குப் பின்னால் போதிய வாயு அழுத்தம் கிடைப்பதில்லை. இன்ஜினும் சரியாகச் சூடேறாது. அரைகுறையாக எரிந்த எண்ணெய் கோடுகளில் வார்னிஷ் போலப் படிந்து அவற்றை மூடிவிடுகிறது. சுவர் கண்ணாடி போல் மின்னும். அளவு அதிகம் தேய்ந்திராது. ஆனால் எண்ணெய் தங்க இடமில்லை. புது ரிங் போட்டாலும் எளிதில் சீட்டாகாது.

இரண்டாவது தேய்மானம். காற்று வடிகட்டி சரியில்லாமல் புழுதி உள்ளே போனால், மேல் ரிங் நிற்கும் இடத்தில் சுவர் அதிகமாக அரிக்கப்படுகிறது. வெப்பமும் அழுத்தமும் அங்கேதான் அதிகம். எண்ணெய் சேர்வது குறைவு. எனவே சிலிண்டர் மேலே அகன்றும் கீழே குறுகியும் போய்விடுகிறது. பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்தும் திசையில் கூடுதலாகத் தேய்வதால் வட்டமான துளை முட்டை வடிவமாகவும் மாறுகிறது.

ஹோனிங் முதல் குறைக்கு மருந்து. இரண்டாவது குறைக்கு அது மருந்தல்ல. ஹோனிங் சுவரின் மேற்பரப்பைச் சீராக்கும். தேய்ந்துபோன இரும்பைத் திருப்பித் தராது. விவசாயிகள் மனதில் வைக்க வேண்டிய முதல் செய்தி இதுதான்.

பிரிப்பதற்கு முன்

புகை கண்டதுமே இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. கரும்புகை பெரும்பாலும் அதிகப் பாரத்தையோ, அடைபட்ட காற்று வடிகட்டியையோ, இன்ஜெக்டர் கோளாற்றையோ காட்டும். வெண்புகை டீசல் சரியாக எரியாததைக் காட்டும். நீலப் புகைதான் மசகு எண்ணெய் எரிவதற்கு அடையாளம். நீலப் புகையுடன், கிராங்க் கேஸின் மூச்சுக் குழாய் வழியாகக் காற்று குபுகுபுவென வந்து எண்ணெயையும் தள்ளினால், ரிங்கையும் சிலிண்டரையும் சந்தேகிக்கலாம்.

மற்றொரு சோதனையும் உண்டு. டீசலை அடைத்துவிட்டுக் கைப்பிடியால் இன்ஜினை மெதுவாகச் சுற்றி, அழுத்தம் எவ்வளவு எதிர்க்கிறது என்று பார்க்க வேண்டும். பின் இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு சிறு கரண்டி மசகு எண்ணெய் மட்டும் விட்டு, மீண்டும் பொருத்திச் சுற்ற வேண்டும். எதிர்ப்பு நன்கு கூடினால் கசிவு ரிங்கின் வழியே என்று கொள்ளலாம். மாற்றம் இல்லையென்றால் வால்வு, ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றை முதலில் கவனிக்க வேண்டும். வால்வில் உள்ள குறைக்குச் சிலிண்டரில் செலவு செய்வதில் பயனில்லை. எண்ணெயை அதிகமாக விட்டால் பிஸ்டன் மேலே வரும்போது இடிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

தேய்மானத்தை அளக்கும் முறை

பட்டறையில் போர் டயல் கேஜ் இருந்தால் அதுவே சிறந்தது. ரிங் ஓடும் பகுதியின் உச்சி, நடு, அடி ஆகிய மூன்று இடங்களில், கிராங்க் தண்டின் நீளவாக்கில் ஒரு முறையும் அதற்குக் குறுக்காக ஒரு முறையும் அளக்க வேண்டும். மொத்தம் ஆறு அளவுகள். இவற்றை விவசாயி ஒரு தாளில் எழுதி வாங்கிக் கொள்வது நல்லது.

கேஜ் இல்லாத இடத்தில் ஒரு ரிங்கும் பீலர் கேஜும் இருந்தால் போதும். ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துத் தள்ளினால் ரிங் சாயாமல் நிற்கும். முதலில் ரிங் ஓடாத அடிப்பகுதியில் வைத்து, ரிங்கின் வாய் இடைவெளியை அளக்க வேண்டும். பின் மேல் ரிங் தேய்த்த உச்சிப் பகுதியில் வைத்து அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால், சிலிண்டரின் விட்டம் எவ்வளவு அகன்றிருக்கிறது என்பது தெரிந்துவிடும். வித்தியாசம் மட்டுமே கணக்கில் வருவதால் பழைய ரிங்கையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

உதாரணமாக, இரண்டு 80 மி.மீ. இன்ஜின்களை எடுத்துக் கொள்வோம். இரண்டிலும் அடியில் இடைவெளி 0.30 மி.மீ. முதல் இன்ஜினில் உச்சியில் 0.50 மி.மீ. வித்தியாசம் 0.20, தேய்மானம் ஏறக்குறைய 0.06 மி.மீ. இரண்டாவது இன்ஜினில் உச்சியில் 1.05 மி.மீ. வித்தியாசம் 0.75, தேய்மானம் ஏறக்குறைய 0.24 மி.மீ. வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் புகைக்கும். ஆனால் செய்ய வேண்டிய வேலை வேறு.

இந்த முறையில் முட்டை வடிவத் தேய்மானம் தெரியாது. ஆகவே கணக்கு எல்லைக்கு அருகில் வந்தால் கேஜ் உள்ள பட்டறையில் ஒரு முறை அளந்து கொள்வது அவசியம்.

முடிவு செய்வது எப்படி?

தேய்மானத்தின் எல்லையை ஒவ்வொரு இன்ஜினின் கையேடும் குறிப்பிட்டிருக்கும். அதுவே முடிவானது. கையேடு கிடைக்காத போது, இந்த அளவுள்ள இன்ஜின்களுக்குக் கீழ்க்கண்ட பொது வழியைக் கைக்கொள்ளலாம்.

1. ரிங்கை மாற்றாமல், வேறு காரணத்துக்காகப் பிரித்த இன்ஜின்: புகையில்லாமல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, கேஸ்கெட்டுக்காகவோ பேரிங்குக்காகவோ பிரித்தது என்றால், அந்தச் சுவரைத் தொட வேண்டாம். பழகிப் பொருந்திய ரிங்கையும் சுவரையும் கலைப்பது வீண் வேலை.

2. புது ரிங் போடுகிறோம், தேய்மானம் 0.10 மி.மீ.க்குள் உள்ளது, சுவர் பளபளக்கிறது: இங்கேதான் ஹோனிங் அவசியம். மேற்கண்ட முதல் இன்ஜின் இந்த வகை. குரோம் பூசிய ரிங் போடுவதாக இருந்தால், அது கடினமானது, தானாகத் தேய்ந்து பொருந்த நெடுநாள் பிடிக்கும் என்பதால் ஹோனிங்கை விடவே கூடாது.

3. புது ரிங் போடுகிறோம், தேய்மானம் குறைவு, பழைய குறுக்குக் கோடுகள் சுவர் முழுதும் தெளிவாகத் தெரிகின்றன: சாதாரண வார்ப்பிரும்பு ரிங்காக இருந்தால் சுத்தம் செய்து அப்படியே பூட்டலாம். சந்தேகம் இருந்தால் இலேசாக ஒரு ஹோன் போடுவதால் கெடுதல் இல்லை.

4. தேய்மானம் 0.10 முதல் 0.20 மி.மீ. வரை: இது இடைப்பட்ட நிலை. ஹோன் போட்டு ரிங் மாற்றினால் ஒரு பருவம் சமாளிக்கலாம். ஆனால் எண்ணெய்ச் செலவு முழுதும் நிற்காது. புது லைனர் விலையையும் மீண்டும் பிரித்துப் பூட்டும் கூலியையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

5. தேய்மானம் 0.20 மி.மீ.க்கு மேல், அல்லது நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறல், விரிசல், நீர்ப் பக்கத்திலிருந்து அரித்த துளை: ஹோனிங்குக்கு இடமில்லை. லைனரை மாற்ற வேண்டும். அல்லது லைனர் இல்லாத சிலிண்டராக இருந்தால் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். இரண்டாவது இன்ஜின் இந்த வகை. அதில் புது ரிங்கை மட்டும் போட்டால், ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் ரிங்கின் வாய் முக்கால் மி.மீ. விரிந்து சுருங்க வேண்டும். நிமிடத்துக்கு 1500 முறை இப்படி விரிந்து சுருங்கும் ரிங் சீக்கிரமே களைத்துப் போகும், உடையவும் கூடும். சில வாரங்களில் பழைய புகை திரும்பிவிடும்.

6. புது லைனர்: முழுதும் முடித்த லைனராக வந்தால் தொழிற்சாலையிலேயே ஹோன் செய்யப்பட்டிருக்கும். துருக் காப்பு எண்ணெயைக் கழுவிவிட்டுப் பூட்டினால் போதும். அரை முடிப்பு லைனரை மட்டும் பொருத்திய பின் போரிங் செய்து ஹோன் போட வேண்டும்.

7. புல்வெட்டும் கருவி, விசைத் தெளிப்பான் போன்றவற்றின் சிறிய இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின்கள்: இவற்றில் பல, அலுமினியச் சிலிண்டரின் உள்ளே குரோமியமோ நிக்கலோ பூசியவை. சாதாரண ஹோன் கல் பூச்சை உரித்துவிடும். இவற்றுக்கு ஹோனிங் கூடவே கூடாது.

சிலிண்டருடன் பிஸ்டனையும் பார்க்க வேண்டும். புது ரிங்கைப் பிஸ்டன் பள்ளத்தில் வைத்துப் பார்க்கும்போது தொளதொளவென ஆடினால், சுவரை எவ்வளவு சீராக்கினாலும் எண்ணெய் மேலே ஏறும். அப்போது பிஸ்டனையும் மாற்ற வேண்டும்.

ஹோனிங் செய்யும்போது கவனிக்க வேண்டியவை

தேய்ந்த சிலிண்டரின் உச்சியில், ரிங் எட்டாத இடத்தில் ஒரு வரம்பு நின்றிருக்கும். விரல் நகத்தை மேலே இழுத்தால் தட்டும். இந்த வரம்பை அதற்கான ரீமர் கொண்டு முதலில் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் புது மேல் ரிங் அதில் இடித்து உடைந்து போகும்.

கழற்றக்கூடிய லைனரை வெளியே எடுத்து, அசையாமல் தாங்கி வைத்து ஹோன் போடுவதே மேல். கழற்ற முடியாவிட்டால் கிராங்க் தண்டை எடுத்துவிட வேண்டும். குறைந்தது எண்ணெயில் நனைத்த துணியால் நன்கு மூடியாவது வைக்க வேண்டும்.

சாதாரண ரிங்குகளுக்கு 220 முதல் 280 வரை நம்பர் உள்ள கல் ஏற்றது. ட்ரில்லின் வேகம் நிமிடத்துக்கு 300 முதல் 400 சுற்றுக்குள் இருக்கட்டும். மண்ணெண்ணெயுடன் கொஞ்சம் மசகு எண்ணெய் கலந்து தாராளமாக விட வேண்டும். கருவி சுழலும்போதே நிமிடத்துக்கு 70 முதல் 90 முறை சீராக ஏற்றி இறக்கினால், கோடுகள் ஏறத்தாழ 45 டிகிரி கோணத்தில் ஒன்றையொன்று வெட்டும். மெதுவாக நகர்த்தினால் கோடுகள் படுத்துவிடும். மிக வேகமாக நகர்த்தினால் செங்குத்தாகி, எண்ணெய் தங்காமல் வடிந்துவிடும். சுழலும் கருவியை ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. கற்கள் முழுதும் துளைக்கு வெளியே வரவும் கூடாது.

15 முதல் 20 விநாடி ஓட்டியதும் நிறுத்தித் துடைத்துப் பார்க்க வேண்டும். பளபளப்பு மறைந்து, கோடுகள் சுவர் முழுதும் ஒரே சீராகத் தெரிந்தால் வேலை முடிந்தது. மேலும் ஓட்டினால் சிலிண்டர்தான் பெரிதாகும். எமரித் தாளைக் கையில் பிடித்து மேலும் கீழுமாகத் தேய்ப்பது ஹோனிங் ஆகாது. அந்த நேர்க்கோடுகள் வாயு இறங்கவும் எண்ணெய் ஏறவும் வழி செய்து கொடுக்கும்.

முடிந்ததும் புது ரிங்கை ரிங் ஓடும் பகுதியின் அடியில் வைத்து வாய் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். துளையின் ஒவ்வொரு 100 மி.மீ. விட்டத்துக்கும் 0.30 முதல் 0.40 மி.மீ. என்பது பொதுக் கணக்கு. 80 மி.மீ. துளைக்கு 0.24 முதல் 0.32 மி.மீ. வரும். இதற்குக் குறைந்தால், சூட்டில் ரிங்கின் முனைகள் முட்டிக்கொண்டு சுவரைக் கீறிவிடும்.

கழுவுவதில்தான் வெற்றி

நன்றாக ஹோன் போட்ட பிறகும் இன்ஜின் விரைவில் கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம், சரியாகக் கழுவாததே. கல்லிலிருந்து உதிர்ந்த பொடி கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். டீசலோ மண்ணெண்ணெயோ விட்டுத் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு போகும், பொடி போகாது. அந்தப் பொடியுடன் இன்ஜினை ஓட்டினால், ஓட்டும் ஒவ்வொரு மணியும் ரிங்குக்கும் சுவருக்கும் பேரிங்குக்கும் சாணை பிடிப்பது போலாகும்.

வெந்நீரும் சோப்பும் கொண்டு, விறைப்பான நார் பிரஷ்ஷால் பல முறை தேய்த்துக் கழுவ வேண்டும். நீரை உலர்த்தியதும், சுத்தமான வெள்ளைத் துணியில் மசகு எண்ணெய் தொட்டுச் சுவரைத் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் தெரிந்தால் மீண்டும் கழுவ வேண்டும். துணி வெள்ளையாகவே வரும் வரை விடக் கூடாது. பிறகு துருப்பிடிக்காமல் உடனே எண்ணெய் தடவி வைக்க வேண்டும். இதற்கு அரை மணி நேரமும் ஒரு சோப்புக் கட்டியும்தான் செலவு. விவசாயி பட்டறையில் உடனிருந்து இந்த வெள்ளைத் துணிச் சோதனையைத் தம் கண்ணால் பார்ப்பது நலம்.

முதல் சில மணி நேர ஓட்டம்

புது ரிங் சீட்டாவது முதல் சில மணி நேரங்களில்தான். "புது ரிங், மெதுவாக ஓடட்டும்" என்று பாரமில்லாமல் நாள் முழுதும் ஓடவிடுவது தவறு. ரிங் சுவரை அழுத்தாமல், புதிதாகப் போட்ட கோடுகள் மீண்டும் வார்னிஷ் படிந்து மூடிவிடும்.

முதலில் சில நிமிடம் ஓட்டி, எண்ணெய் ஓட்டம், நீர்க் கசிவு, சத்தம் ஆகியவற்றைக் கவனித்த பின் பாரம் கொடுக்க வேண்டும். சென்டிரிபியூகல் பம்பு உள்ளவர்களுக்கு இது எளிது. வெளியேற்றும் குழாயின் கேட் வால்வைப் பாதி மூடினால் இன்ஜினின் பாரம் குறையும்; திறக்கத் திறக்கக் கூடும். முதல் சில மணி நேரம் பாதிப் பாரத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி, ஏறக்குறைய பத்து மணி நேர ஓட்டத்துக்குள் முழுப் பாரத்துக்குக் கொண்டு வரலாம். வால்வை முழுதும் மூடி வெகுநேரம் ஓட்டக் கூடாது, பம்பு சூடேறிவிடும். கையேட்டில் கண்டபடி முதல் எண்ணெய் மாற்றத்தைத் தவறாமல் செய்ய வேண்டும்.

மீண்டும் தேயாமல் இருக்க

எண்ணெய்த் தொட்டி வகைக் காற்று வடிகட்டியில் எண்ணெயைக் குறித்த மட்டத்தில் வைத்து, புழுதிக் காலத்தில் அடிக்கடி மாற்ற வேண்டும். வடிகட்டிக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள குழாயில் வெடிப்பு இருந்தால் வடிகட்டி இருந்தும் பயனில்லை. பம்பிலிருந்து குளிர்ந்த நீரை நேரே இன்ஜினுக்குள் விடுபவர்கள், வெளியேறும் நீர் 60 முதல் 70 டிகிரி சூட்டில் இருக்குமாறு குழாயைத் திருகி ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். இன்ஜின் அதிகக் குளிர்ச்சியாக ஓடினால் எரிந்த வாயுவிலுள்ள ஈரமும் அமிலமும் சுவரிலேயே படிந்து அரிக்கும். பம்பின் தேவைக்கு ஏற்ற திறனுள்ள இன்ஜினையே வாங்குவதும் சுவர் பளபளப்பாவதைத் தடுக்கும்.

ஆகவே சத்தியமங்கலம் வட்டார விவசாயிகள், கவாத்து முடிந்து தண்ணீர்த் தேவை குறைந்திருக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களிலேயே இன்ஜினைச் சோதித்துக் கொள்வது உத்தமம். முதலில் அளந்து, பின் முடிவு செய்து, ஹோன் போட்டால் சோப்பு நீரில் கழுவி, பாரம் கொடுத்துப் பழக்க வேண்டும். இந்த வரிசை தவறாவிட்டால் ஹோனிங்குக்குக் கொடுத்த பணம் வீணாகாது. பூ வரத்து நேரத்தில் கிணற்று மேட்டில் இன்ஜினும் மக்கர் செய்யாது. மேலும் விவரம் வேண்டுவோர் வேளாண்மைப் பொறியியல் துறையின் அருகிலுள்ள அலுவலகத்தையோ, கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைப் பொறியியல் கல்லூரியையோ அணுகிப் பயன் பெறலாம்.